இஞ்சினுக்குக் காது உண்டு

குடிநீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிப்பது அவள் கணவருக்கு வேலை. ஆள் உயர இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றுவார், மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொள்வார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இங்க தோண்டுங்க" என்பார். தோண்டினால் குழாய் அழுதுகொண்டிருக்கும். ஒரு சொட்டு வீணானாலும் தாங்காத அந்த மனிதர்தான், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், இளவயது ஆசை என்று சொல்லி எட்டு சிலிண்டர் வண்டி ஒன்றை வாங்கி வந்தார். இரண்டே கதவு, காளையின் நெற்றி போல அகன்ற முன்பக்கம், ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும்.

வாங்கிவிட்டு அதை ஒருநாளும் வேகமாக ஓட்டவில்லை. அதுதான் வேடிக்கை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும் எண்ணிலேயே கண் இருக்கும். ஊருக்குள் அந்த எண் ஆறுக்கு இறங்கினால் முகம் வாடும். வெளிச்சாலையில் பத்தைத் தொட்டுவிட்டால் விசில் அடிப்பார். சமவெளியில் நிதானமாகப் போகும்போது இஞ்சினின் பாதி தானாக ஓய்வெடுக்கும், நான்கு சிலிண்டர் மட்டும் உழைக்கும். அந்தப் பச்சை விளக்கு எரிந்தால், "ஸ்... நாலு பேர் தூங்குறாங்க, எழுப்பாத" என்று கிசுகிசுப்பார்.

"சிங்கத்தைக் கட்டிக் கூட்டிட்டு வந்து கீரை போட்டு வளக்குற ஒரே ஆள் எங்க அண்ணன்தான்" என்பான் கொழுந்தன். அவனுக்கு டயர் மாற்றி வீல் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறை இருந்தது.

"கீரையா? ஒசந்த பெட்ரோல்தானேடா போடுறேன்" என்பார் அவர். பெட்ரோலில் மட்டும் சிக்கனம் கிடையாது. வண்டிக் கம்பெனிக்காரன் எதைப் போடச் சொன்னானோ அதைத்தான் போடுவார்.

அவள் ஓட்டும் நாட்களில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வாயே திறக்க மாட்டார். அவள் கொஞ்சம் அழுத்தினால் போதும், நடுவிரல் நகத்தால் டாஷ்போர்டைத் தட்டுவார். டக். பிறகு டக்டக்.

"வாயத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துருமா?"

"சொன்னா நீ பதில் சொல்லுவ. பேச்சு சுவாரசியத்துல இன்னும் அழுத்துவ. அதுல ஒரு லிட்டர் போகும்."

வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் இறந்தார். காலையில், ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக, கம்பியைக் காதில் வைத்தபடி சாய்ந்து நின்றிருந்தார். ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, பெரிய கசிவாக இருக்கும் என்று கூட வந்தவர்கள் பேசாமல் காத்திருந்தார்களாம். அவளிடம் அதைச் சொன்னவர் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போதும் அவர் கேட்டுக்கொண்டிருப்பது போலவும், இடைஞ்சல் செய்யக் கூடாது என்பது போலவும்.

அவள் கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிப்பவள். வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரு குன்று. சாலை அதைச் சுற்றி ஏறி மறுபக்கம் இறங்கும். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அவள் அந்த வண்டியிலேயே கடைக்குப் போகத் தொடங்கினாள். பங்க்குக்குத் தானே போய் பெட்ரோல் போட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எப்போதும் அவர்தான் போடுவார். பங்க்காரர் "எதும்மா?" என்று கேட்க, அவள் யோசிக்காமல் கைக்கு எட்டிய குழாயைக் காட்டினாள். அது சாதாரண பெட்ரோல்.

அன்று வெயில் கொளுத்தியது. குன்றில் ஏறும்போது பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. அவள் அழுத்தினாள். தூங்கியவர்களும் எழுந்து எட்டு பேரும் உறுமினார்கள். அப்போதுதான் கேட்டது.

டக். பிறகு டக்டக்.

"சரி, சரி" என்றது அவள் வாய், அவளைக் கேட்காமலே. காலை எடுத்தாள். சத்தம் நின்றது. லாரி திட்டிக்கொண்டே தாண்டிப் போனது. அதற்குப் பிறகுதான் பக்கத்து இருக்கை காலி என்பது அவளுக்கு நினைவு வந்தது. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். தட்டினார்.

மறுநாளே பட்டறைக்குப் போய்ச் சொன்னாள். தட்டியது யார் என்று சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் சொன்னாள்.

"என்ன பெட்ரோல் போட்டீங்க அண்ணி?"

"சும்மா, சாதாரணம்."

"அதான். பெரிய இஞ்சின், ஏத்தம், வெயில். மட்டமான பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சிரும். அந்தச் சத்தம்தான் உங்களுக்குத் தட்டுற மாதிரி கேக்குது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "பயப்படாதீங்க. இஞ்சினுக்குக் காது இருக்கு. சிலிண்டர் பக்கத்துல ஒரு சென்சார் வச்சிருப்பான். தட்டுறது கேட்டா, பெட்ரோலக் கொளுத்துற பொறியை கம்ப்யூட்டர் கொஞ்சம் தள்ளிப்போடும். பவர் குறையும், மைலேஜ் குறையும், சத்தம் அடங்கிரும். போகப் போக அது கத்துக்கும்."

"எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"எப்பவும்."

"உங்க அண்ணன் மாதிரி."

அவன் சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டு, "ஒசந்ததே போடுங்க அண்ணி. ஊருக்குள்ள மெதுவா ஓட்டுறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா நீங்க தினம் மலை ஏறுறீங்க. சாதாரணத்துல மிச்சம் பிடிக்கிறத மைலேஜ்ல விட்டுருவீங்க" என்றான்.

அவள் தலையாட்டினாள். போகும் வழியில் சாதாரண பெட்ரோலையே நிரப்பிக்கொண்டாள்.

வண்டி கற்றுக்கொண்டது. அதுதான் தொல்லையாகிவிட்டது. முதலில் லேசாக மிதித்தாலே தட்டியவர், பிறகு பாதி மிதித்தால்தான் தட்டினார். அதற்கும் பிறகு, வளைவில் டயர் கிறீச்சிடும் வரை மிதித்தால் ஒரே ஒரு டக். காதுக்கு எட்டாத தூரத்துக்கு ஒருவர் பின்வாங்கிக்கொண்டே போவது போல இருந்தது. அவள் துரத்தினாள். வேண்டுமென்றே உச்சி வெயிலில் கிளம்பினாள். குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டாள், பின்னால் பழைய சாமான்களை ஏற்றினாள், இஞ்சினுக்குச் சுமை கூடட்டும் என்று. கடையில், இருட்டு அறையில், "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று வந்தவர்களிடம் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கேட்கும்போதும், பதிலுக்குப் பின்னால் வேறு ஏதாவது கேட்கிறதா என்று அவள் காது தேடியது.

டயர் மாற்ற வண்டியை எடுத்தபோது கொழுந்தன் மைலேஜ் எண்ணைப் பார்த்துவிட்டான். நாலரை. டயர்கள் ஓரத்தில் வழுவழுவென்று தேய்ந்திருந்தன.

"ரேஸ் ஓட்டுறீங்களா?"

அவள் தேய்ந்த ஓரத்தை விரலால் தடவினாள்.

"அண்ணி, இப்படியே போனா பிஸ்டன் உடையும். அதுக்கு முன்னாடி நீங்க அந்த வளைவுல..." கழற்றிய டயரைக் கீழே போட்டான். "என்ன தேடுறீங்க?"

சொன்னாள். அவன் கீழே கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வேலை செய்வோம்" என்றான் கடைசியில். "டேங்க்ல இருக்கறத முழுசா இறக்கிடுறேன். ஒசந்த பெட்ரோல் ஊத்தி, கம்ப்யூட்டர் கத்துக்கிட்டதையும் அழிச்சிடுறேன். ரெண்டு பேரும் மலை ஏறுவோம். என்ன அழுத்து அழுத்தணுமோ அழுத்துங்க. சத்தம் வரலைன்னா அது பெட்ரோல்தான். வண்டிய வித்துருவோம். ஆள் இருக்கு."

"வந்துச்சுன்னா?"

"வராது."

ஒப்புக்கொண்டாள். அன்றும் நல்ல வெயில். அவன் பக்கத்து இருக்கையில், இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தான், தான் தட்டவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஏற்றத்தில் அவள் தரையோடு மிதித்தாள். எட்டு பேரும் ஒரே குரலில் எழுந்தார்கள். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. உச்சி வரை இல்லை. அவருடைய மூச்சு இரண்டாவது தடவை நின்றதைப் போல இருந்தது அவளுக்கு.

இறக்கத்தில் காலை முழுவதும் எடுத்தாள். பெட்ரோல் ஒரு சொட்டுகூடப் போகாமல் வண்டி தானாக உருண்டது. எண் மளமளவென்று ஏறி, அதற்கு மேல் காட்ட முடியாமல் தொண்ணூற்றொன்பதில் நின்றது. கண்ணீரில் அது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"அண்ணி." கொழுந்தன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான். "நான் இல்ல."

"என்னது?"

"கேக்கலையா? அண்ணன் தட்டுறான் அண்ணி. இதோ... இதோ. நீங்க மிதிக்கவே இல்லையே, ஏன் தட்டுறான்?"

அவன் கைகள் முழங்காலில்தான் இருந்தன. அவன் பார்வை டாஷ்போர்டில், தனக்கு நேர் எதிரே ஒரே இடத்தில் நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். காற்று கேட்டது. டயர் கேட்டது. அவள் காதுக்கு வேறொன்றும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி."

வீட்டு வாசலில் சாவியை அவன் கையில் வைத்தாள். பேச்சு பேச்சுதான். அவன் வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், மிக மெதுவாக ஓட்டிப் போனான்.

அவள் பேருந்தில் கடைக்குப் போய்வந்தாள். சில வாரங்கள் கழித்து வண்டி வாங்க இருந்தவர் அவளைக் கூப்பிட்டார். "உங்க கொழுந்தன் போனே எடுக்க மாட்டேங்கிறார்மா. பட்டறையும் பூட்டியே கிடக்கு. வேற எடத்துல பார்த்துக்கட்டுமா?"

அன்று மத்தியானம் பேருந்து ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். அந்த வண்டியோடு பங்க்கில் நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. பின் இருக்கையில் பழைய டயர்களை அடைத்து வைத்திருந்தான். டேங்க்கில் சொருகியிருந்தது சாதாரண பெட்ரோல் குழாய்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து, கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"இப்பல்லாம் ரொம்ப அழுத்தினாத்தான் வர்றான் அண்ணி" என்றான், சொந்த வீட்டு விஷயம் பேசுவது போல. "பேசாம இருங்க. உங்களுக்கும் கேக்கும்."

குன்றுச் சாலை ஆரம்பித்தது. அவன் மிதித்தான். முதல் வளைவில் பின்பக்கம் வழுக்கியது.

"தம்பி, மெதுவா போ."

அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தான். கண்கள் பாதி மூடியிருந்தன. சாலைக்கு அடியில் ஓடும் எதையோ கேட்கிற முகம். அந்த முகத்தை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், ஆனால் இவனிடத்தில் இல்லை.

"டேய், காது கேக்குதா? மெதுவா போ!"

அவனுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் அவன் காதுக்குள் நுழைய அங்கே இடமில்லை. இரண்டாவது வளைவு தெரிந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வானம்.

அவள் குறுக்கே கையை நீட்டி ஸ்டார்ட் பொத்தானில் கட்டை விரலை வைத்து அழுத்தி, அழுத்தியபடியே இருந்தாள்; விடாமல் அழுத்தினால் ஓடும் இஞ்சினும் அணைந்துவிடும். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் விடவில்லை. எட்டு பேரும் ஒரே நேரத்தில் செத்தார்கள். ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. ஏற்றம் வண்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டது. தடுப்புச் சுவரை ஓரமாக உரசி, வண்டி நின்றது.

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்து அழுதான். அவள் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள், இருக்கைகளுக்கு நடுவே கிடந்த சாவியை எடுத்தாள். அவன் முதுகில் கை வைத்தாள்.

அழுகை ஓய்ந்த பிறகு அது கேட்டது. இரண்டு பேருக்கும்.

டக். சற்றுப் பொறுத்து, டக்.

"சூடு ஆறுது" என்றாள் அவள். "இரும்பு. சைலன்சர்."

"தெரியும் அண்ணி. அதுதான்."

இருவரும் இறங்கவில்லை. இடைவெளி கூடிக்கொண்டே போனது. டக். வெகுநேரம் கழித்து, மிகவும் மெல்லியதாக, இன்னொன்று. அவள் கதவுப் பிடியில் கை வைத்தபடி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். அது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

"வா" என்று அவள் கதவைத் திறந்தாள். "நடந்து போவோம்."