ஏரிக்கு முதுகு காட்டியவர்

டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பேர். பதினெட்டு வருஷமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறார். கடைசி நிறுத்தம் ஏரிக்கரை. அங்கே வண்டி ஏழு நிமிஷம் நிற்கும். அதற்குள் முகம் கழுவுவார், டயரைத் தட்டிப் பார்ப்பார், திரும்ப ஏறிவிடுவார். ஏரிக்கு இதுவரை முதுகைத்தான் காட்டியிருக்கிறார். கேட்டால், "தண்ணிதானே, எங்க ஓடிடப் போகுது?" என்பார்.

கல்யாணமான புதிதில் இவரும் மனைவியும் ஆளுக்கொரு பையோடு வாராவாரம் பக்கத்தில் எங்காவது கிளம்பியவர்கள்தான். பிறகு பிள்ளை, பள்ளிக்கூடம், ஷிஃப்ட் என்று எல்லாம் நின்றுபோனது. திட்டங்களுக்கு மட்டும் குறைவில்லை. மலைக்கு ஒரு வாரம், கடலுக்குப் பத்து நாள், எல்லாமே ரிடையர் ஆன பிறகு.

போன வாரம் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள்.

"மலையும் வேணாம், கடலும் வேணாம். உங்க லீவு நாள்ல அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் வரைக்கும் என்னோட உக்காருங்க. முடியலைன்னா விட்டுடுங்க, இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன். நான் பாட்டுக்கு எங்க அக்காவோட போய்க்கிறேன்."

கத்திச் சொல்லியிருந்தால் கடிகாரம் கண்டுகொண்டிருக்க மாட்டார். காய் நறுக்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். அதனால்தான் உடனே சரி என்றார்.

லீவு நாளில் தன் தடத்துப் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினார். வளைவுக்கு வளைவு அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"முன்னாடி உக்காந்திருக்கவர் பாவம், உதைக்காதீங்க" என்றாள் மனைவி.

அவரோடு வருஷக்கணக்காக வேலை பார்க்கும் கண்டக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணி, இன்னிக்கு அண்ணனை நீங்கதான் ஓட்டுறீங்களா?"

கரையில் மரத்தடியில் விரிப்பைப் போட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஏரி நடுவே ஒரு மண்திட்டு, அது நிறையக் கொக்குகள்.

"இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேவிட்டார் கடிகாரம்.

"நேத்துதான் கொண்டாந்து வச்சாங்க."

அசடு வழிந்தபடி, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாய்ப் பக்கம் போனார். கையைக் கழுவினார். முகத்தையும் கழுவினார். நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் டயரை ஒரு தட்டுத் தட்டினார். ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணன் ஏறியதும் விசில் ஊதிப் பழகிய கண்டக்டரும் யோசிக்காமல் ஊதிவிட்டார்.

மூன்றாவது நிறுத்தம் வந்தபோதுதான் பக்கத்து இடம் காலியாக இருப்பது உறைத்தது.

"நிறுத்துப்பா! உங்க அண்ணியைக் கரையிலயே விட்டுட்டேன்!"

பஸ்ஸில் ஐந்து நிமிஷத் தூரம், காலுக்கு முக்கால் மணி நேரம் என்று அந்த வெயிலில் தெரிந்துகொண்டார். இனிமே கூப்பிடவே மாட்டேன் என்ற குரல் கூடவே வந்தது. கூப்பிட ஆளில்லாத வீட்டை நினைத்ததும் நடை ஓட்டமாகியது.

அவள் அதே இடத்தில் இருந்தாள். டப்பாவில் பாதி காலியாகியிருந்தது.

"சரியா ஏழு நிமிஷம் இருந்தீங்க. நீங்க ஏறுனதை நான் பாத்தேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தா வந்திருப்பீங்க. தானா வர்றீங்களான்னு பாத்தேன்."

கடிகாரம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏரியைப் பார்க்க உட்கார்ந்தார். மீதிச் சோற்றை அவர் பக்கம் தள்ளினாள்.

அதே பஸ் ஊருக்குள் போய்விட்டுத் திரும்பி வந்து நின்றது. ஏழு நிமிஷம் ஆனது. எட்டும் ஆனது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். "அண்ணே, வரலையா?"

கடிகாரம் திரும்பாமலே கையை ஆட்டி, போகச் சொன்னார். பஸ் போய்விட்டது. அவர் கால் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது ஸ்டாப்ல ஒரு பூங்கா இருக்கு, நடந்து வர்றப்ப பாத்தேன்" என்றார். "நல்ல நிழல்."

அவள் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கூப்பிடுவாளா என்று அவர் காத்திருந்தார்.

"அடுத்த லீவுக்கு அங்க கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.