துணைக்கால்

வாசல் பலகையில் டாக்டர் பேருக்கு மேலே பெயிண்டர் 'சர்' என்று எழுதி முடித்தபோது, இரண்டு எழுத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம் போலிருந்தது.

"என்னய்யா, இந்த எழுத்துலேர்ந்து அந்த எழுத்துக்கு வண்டி கட்டிக்கிட்டுத்தான் போகணுமா?" என்றாள் டாக்டரின் மனைவி.

ஆனாலும் அந்தப் பலகையைத் தினமும் துடைத்தாள். கம்பவுண்டர் மகனைக் கட்டிக்கொண்டாள் என்று பதினோரு வருஷம் அவள் அண்ணன் வாசல்படி மிதிக்கவில்லை. அண்ணன் சர்க்கார் வக்கீல். டாக்டருக்குக் கவர்னர் 'சர்' பட்டம் கொடுத்த மறுவாரம் பழக்கூடையோடு வந்து நின்றான். "மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அவள் அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

போன வாரம் கடைத்தெரு ஊர்வலத்தை வெள்ளைக்காரப் பட்டாளம் சுட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்துவிட்டு வீடு வந்த டாக்டர், பட்டம் வேண்டாம் என்று கவர்னருக்குக் கடிதம் எழுதினார். எழுதி அவள் கையில் கொடுத்தார்.

"ஒரு தையல்காரப் பொண்ணு. ரெண்டு கண்ணும் போச்சு. கட்டு மாத்தும்போது 'சார்'னு கூப்பிட்டா. எனக்கு 'சர்'னு காதுல விழுந்துது. கூசிப்போச்சு."

அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை. "எனக்கு அண்ணன் வேணுங்க."

"தெரியும். அதான் உன் கையில குடுத்தேன். நீ கிழிச்சாலும் சரி."

கோபமில்லாமல் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டார்.

மத்தியானம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனாள். வார்டில் கடைசிக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"யாரு, சாரா?"

"சார் வீட்டம்மா."

பெண் கை நீட்டினாள். டாக்டர் மனைவி கொடுத்த கையைத் தடவிக்கொண்டே மேலே போன விரல்கள் ரவிக்கைக் கை விளிம்பில் நின்றன.

"தையல் விட்டிருக்கும்மா. கொண்டுவாங்க, போட்டுத் தர்றேன்."

சொன்ன பிறகும் பெண் விரலை எடுக்கவில்லை.

திரும்பும் வழியில் தபாலாபீஸ் இருந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தபோது வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள். கையில் பெயிண்டர் விட்டுப்போன தூரிகையும் மிச்ச பெயிண்ட் டப்பாவும்.

"தபால்ல போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"இரு, கத்தி கொண்டு வர்றேன். சுரண்டிடலாம்."

"பலகை பாழாகும். ஸ்டூலைப் பிடிங்க."

ச-வுக்கும் ர்-க்கும் நடுவே தூரிகையை வைத்து ஒரு கால் இழுத்தாள். கோணலாக வந்தது. சார்.

டாக்டர் அண்ணாந்து பார்த்தார்.

"உங்க அண்ணன்?"

"வந்தா சோறு போடுவேன்." தூரிகையை டப்பாவில் போட்டாள். "ஸ்டூலை ஆட்டாதீங்க."

அவர் ஆட்டவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.