ஹாரனுக்கு அடியில் ஒரு பெயர்

மத்தியானம் வரைக்கும் வானம் பரம சாதுவாகத்தான் இருந்தது. அதை நம்பி அமன்தாய் ஆடுகளைப் பத்திக்கொண்டு குதிரையில் போனான். டீக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போன ஆள். டீ ஆறியது, காற்று வடக்கிலிருந்து திரும்பி அடித்தது, புரான் என்கிற பனிப்புயல் வந்து இறங்கியது. புரானுக்குள் சிக்கிக்கொண்டவனுக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது. தன் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டே போய், அந்தப் பக்கம் விறைத்துக் கிடந்தவர்கள் எத்தனை பேர்.

குளிர்காலத்துக்கு ஆடுகளோடு வந்து தங்கும் வீட்டில் இருந்தது இரண்டே பொம்பளைகள். ஒருத்தி அவன் பெண்டாட்டி பல்ஜான். இன்னொருத்தி அவன் அக்கா ஒரின்ஷா, புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். பிள்ளைகள் ஜில்லா ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள்.

ஒரின்ஷா வாசலில் நின்று தம்பி பேரைச் சொல்லிக் கத்தினாள். அந்தக் காலத்தில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் சண்டை போட்ட தொண்டை அது. ஆனால் காற்று அவள் வாயருகிலேயே சத்தத்தைப் பிடுங்கிக்கொண்டது. பல்ஜான் தகர வாளியைத் தட்டினாள். அவளால் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. மருமகளாக வந்தவள் புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அவன் 'பிள்ளைகளோட அப்பா' மட்டும்தான்.

அரிக்கேனைக் கம்பத்தில் கட்டினார்கள். கட்டிய கையை எடுப்பதற்குள் அணைந்தது. ஒரின்ஷாவுக்குத் தொண்டையும் போய்விட்டது. அவள் அப்படியே சுவரோடு சாய்ந்தாள்.

"மதினி, மோட்டார் சைக்கிள்ல பெரிய லைட்டு இருக்குல்ல?" என்றாள் பல்ஜான்.

"இருந்து? அதுக்கு உசுரு இருக்கா? போன மாசம் உன் புருஷன் சாவியத் திருகித் திருகிப் பார்த்துட்டு எட்டி உதைச்சானே, மறந்துட்டியா?"

"ஹாரனும் இருக்கு."

ஒரின்ஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கரண்ட் சமாச்சாரத்துல கை வைக்காதன்னு அவன் தலபாடா அடிச்சுக்கிட்டானே."

"வந்து திட்டட்டும். திட்டுறதுக்காவது வரட்டும்."

மதினி கம்பத்திலிருந்து அரிக்கேனை அவிழ்த்து மறுபடி ஏற்றினாள்.

மோட்டார் சைக்கிள் ஆட்டுக்கொட்டிலில் நின்றது. சோவியத் காலத்து சைட்கார் வண்டி. சைட்காரில் வறட்டி அடுக்கியிருந்தது. பேட்டரி மட்டும் வீட்டுக்குள் அடுப்போரம் இருந்தது, குளிரில் வெடித்துவிடும் என்று. அதில்தான் ரேடியோ பாடும். பல்ஜான் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து வண்டியைத் தள்ளி, அதன் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார்கள். ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து கம்பளி உதிர்ந்தது.

எலிக்கூடு.

இது யார் செய்த வேலை என்று கேட்டால், எலியைக் குற்றம் சொல்ல முடியாது. அமன்தாயைத்தான் சொல்ல வேண்டும். துரு ஏறக்கூடாது என்று இலையுதிர் காலத்தில் ஒயர் இணைப்புகள் மேலெல்லாம் ஆட்டு வால் கொழுப்பைத் தாராளமாகப் பூசியிருந்தான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உலகத்தில் எதற்கும் கொழுப்புதான் மருந்து. வெடித்த உதட்டுக்குக் கொழுப்பு, இருமலுக்குக் கொழுப்பு, கதவுக் கீலுக்குக் கொழுப்பு. எலிக்கு விருந்து வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. கொழுப்போடு சேர்த்து ஒயரையும் தின்றிருந்தது. சாவி போடுகிற இடம், விளக்கு, ஹாரன், எல்லாவற்றின் ஒயரும் அந்த ஹெட்லைட் மண்டைக்குள் வந்துதான் பிரியும். எல்லாம் நடுவில் அறுந்து, நுனியில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது.

பல்ஜான் குனிந்து பார்த்தாள். இத்தனை நரம்பா ஒரு வண்டிக்கு? எதை எதோடு சேர்ப்பது?

"விளக்கப் புடிங்க மதினி," என்றாள். சும்மா நின்றால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் வெந்நீரில் துணியை நனைத்துக் கொழுப்பைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க நிறம் வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பழுப்பு. கறுப்பு என்று நினைத்ததெல்லாம் அழுக்குதான். இந்தப் பக்கம் சிவப்பு நுனி, அந்தப் பக்கம் சிவப்பு நுனி. தறியில் பாவு அறுந்தால் என்ன செய்வாள்? இழைக்கு இழை தேடி முடிச்சுப் போடுவாள். அவ்வளவுதானே. அப்படி நினைத்த பிறகுதான் அவள் கை வேகம் பிடித்தது.

பச்சைக் களிம்பு கத்திக்கு மசியவில்லை. மோர்ப் பானையிலிருந்து நன்றாகப் புளித்த தண்ணீரை எடுத்து வந்து தேய்த்தாள். அப்படித் தேய்த்தாள் பாருங்கள், செம்பு பளீரென்று சிரித்தது. வெந்நீரில் கழுவி, அடுப்பருகே காட்டி, ஈரம் போக உலர்த்தினாள். நடுவில் எலி தின்ற அளவுக்கு ஒயர் வேண்டுமே? வீட்டுச் சுவரில் ஓடிய கரண்ட் ஒயரைப் பிடித்து இழுத்தாள். கம்பத்துக் கம்பிகளைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்த ஒயரில் ஈ உட்காருவதைத் தவிர வேறு வேலை நடக்கவில்லை.

பல்லால் உறையைக் கடித்து உரித்தபோது உள்ளே மெல்லிய செம்பு இழைகள் விரிந்தன. தலைமுடி மாதிரி இருந்தது. இத்துனூண்டு முடிக்குள்தான் வெளிச்சம் ஓடுகிறதா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. இழையோடு இழையை முறுக்கினாள். பழைய டியூப் ரப்பரைக் கீற்றாக வெட்டி மேலே சுற்றினாள்.

கடைசியில் நிறம் வெளுத்த இரண்டு ஒயர் மிஞ்சியது. எது எதற்கு என்று தெரியவில்லை. பேட்டரியை மாட்டிவிட்டு, ஒன்றை எடுத்து வண்டியின் இரும்பு உடம்பில் தொட்டாள்.

'பாம்ம்' என்று ஹாரன் அலறியது. நாய் குரைத்துக்கொண்டு எழுந்தது. ஒரின்ஷா விளக்கோடு வறட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சண்டாளி, என் தம்பி வர்றதுக்குள்ள என்ன அனுப்பிவச்சிருவ போலிருக்கே," என்றாள், போன தொண்டையில் மிச்சமிருந்ததை வைத்து.

பல்ஜான் சிரித்தாள். அந்தச் சாயங்காலத்தில் முதல் தடவையாக.

இன்னொரு ஒயரைச் சேர்த்ததும் பல்பு எரிந்தது. எரிந்தது என்ன, முனகியது. ரேடியோ கேட்டுக் கேட்டே பேட்டரியில் பாதி போயிருந்தது. மஞ்சள் சிவப்பாகிக்கொண்டு வந்தது. எஞ்சின் ஓடினால்தான் கரண்ட் ஊறும். தகரத் தட்டில் அடுப்புக் கங்குகளை அள்ளி எஞ்சினுக்கு அடியில் வைத்தார்கள். இரும்பு கொஞ்சம் உருகி மனசு மாறட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் இரண்டு பேரும் வெளியே பார்க்கவில்லை.

"தள்ளு, நான் உதைக்கிறேன். இந்த வீட்டுல எடை உள்ளவ நான்தான்," என்றாள் ஒரின்ஷா.

அவள் உதைத்தாள். வண்டி இருமியது. மறுபடி உதைத்தாள், தம்பியைத் திட்டிக்கொண்டே, எலியைத் திட்டிக்கொண்டே, புரானின் பரம்பரையையே திட்டிக்கொண்டே. சட்டென்று எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வெளிச்சம் வந்ததைப் பல்ஜான் சாகிறவரை மறக்கமாட்டாள். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெள்ளையாகி, கதவைத் தாண்டிப் பாய்ந்து புரானுக்குள் நுழைந்தது. வீட்டு அகலத்துக்குப் பனி பற்றிக்கொண்டு எரிவது போலிருந்தது. ஒவ்வொரு துகளும் தனித்தனியாகத் தெரிந்தது. என் கை முறுக்கிய ஒயரிலிருந்தா இது? ஒரின்ஷா இரண்டு கையையும் முகத்தில் தடவி இறைவனை நினைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த வெள்ளைக்குள் கண்கள் தெரிந்தன. பச்சையாக, தரையோடு தரையாக, ஒன்று, நாலு, எண்ண முடியாமல்.

"ஓநாய்," என்று ஒரின்ஷா கவைக்கோலைப் பிடித்தாள்.

ஓநாய் இல்லை. வழிநடத்தும் கிழட்டு வெள்ளாடு முன்னால் வந்தது. அதன் பின்னால் பனிமூட்டைகளாகச் செம்மறிகள், ஒன்றன் முதுகில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு. வெளிச்சத்தைப் பார்த்து நேராகக் கொட்டிலுக்குள் நடந்தன. கடைசியில் குதிரை வந்தது. சேணம் காலியாக இருந்தது.

பல்ஜான் ஹாரன் பொத்தானை அழுத்தினாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஜில்லா ஊரிலிருந்து திரும்பும்போதெல்லாம் மேட்டில் வைத்து அவன் அடிக்கும் அடி அது. டீ போடு என்று அர்த்தம். ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மங்கி மங்கி எழுந்தது. எஞ்சின் ஆட்டத்தில் பொத்தானுக்குப் போகும் ஒயர் கழன்றது. நின்று முறுக்க நேரமில்லை. வெறுங்கையால் அதைப் பிடித்து இரும்பில் தொட்டாள். தொடும்போதெல்லாம் நெருப்புப் பொறி விரலைச் சுட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த நெட்டைக்கு அடியில், தனக்கே கேட்காது என்ற தைரியத்தில், அவள் வாயைத் திறந்தாள்.

"அமன்தாய்!"

மறுபடி தொட்டாள், மறுபடி கூப்பிட்டாள். அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒரின்ஷா ஆடுகளை ஓட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

அவன் வந்தான். வெளிச்சத்துக்குள் நேராக வரவில்லை. பக்கவாட்டிலிருந்து, கையை நீட்டித் துழாவிக்கொண்டு, குருடன் மாதிரி வந்தான்.

உள்ளே அடுப்போரம் உட்கார்த்தி வைத்து, சூடான டீயை ஊற்றிய பிறகுதான் அவன் இமையில் ஒட்டியிருந்த ஐஸ் கரைந்தது.

"லைட்டு தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று பல்ஜான் கேட்டாள்.

"எந்த லைட்டு? குதிரை கீழ தள்ளிட்டுப் போயிருச்சு. கண்ணு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. ஹாரன் சத்தத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்." டீயை ஒரு வாய் குடித்தான். "அதுக்கு அடியில யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. பொம்பளைக் குரல். யாரு அது?"

பல்ஜான் அடுப்பைப் பார்த்தாள். ஒரின்ஷா தொண்டையைச் செருமினாள்.

"நான்தான்டா. உன் பேரச் சொல்றதுக்கு இந்த வீட்டுல என்னத் தவிர யாரு இருக்கா?"

அந்தக் குரல் காற்று போன பை மாதிரி இருந்தது. எதிரே இருந்தவனுக்கே பாதிதான் கேட்டது. அமன்தாய் அக்காவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் கறுத்த விரல் நுனிகளைப் பார்த்தான். அலமாரியிலிருந்து ஆட்டுக் கொழுப்பு டப்பாவை எடுத்து வந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவினான்.