கையெழுத்து இல்லாத உத்தரவு

இப்போதெல்லாம் மில் கேட்டுக்கு வரும் டிரைவர்கள் வண்டியை அணைக்கும் முன்பே, "பெரியவரே, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்கிறார்கள். ஊர் பேர் தெரியாதவனிடம் சாவி கேட்பதில் வெட்கமே இல்லை. ஆபீஸ்காரர்கள் அதை எழுதிச் சன்னலில் ஒட்டியே விட்டார்கள்.

என் பெயர் முத்துவீரன். சேத்தூர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்திரண்டு வருடமாகக் கேட் காவல். படித்தது நாலாவது வரைக்கும். மணி பார்த்து எழுதத் தெரியும், சீட்டில் இருப்பது யார் கையெழுத்து என்று தெரியும். கேட்டுக்கு அது போதும்.

நாலு வருடம் முன்பு குடோன் சுவரில் ஒரு கேமரா மாட்டினார்கள். என்னையும் பார்க்கத்தான் என்று புரிந்தது. சரி என்று நானும் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். அதன் அடியில் இரண்டு விளக்கு. சிவப்பு எரிந்தால் கரண்டு இருக்கிறது. நீலம் அசையாமல் எரிந்தால் ஆபீஸ் டிவியில் படம் ஓடுகிறது. நீலம் மின்னினால் படம் இல்லை. மின்னிய நேரத்தையெல்லாம் கேட் நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை.

போன புதன்கிழமை மானேஜர் வைகுண்டராஜ் கூப்பிட்டார்.

"குடோன்ல ஆறு மூட்டை நூல் குறையுதுய்யா. இந்த மாசம் மூணு தடவ பட்டப்பகல்ல கேமரா பத்துப் பத்து நிமிஷம் நின்னுருக்கு. சுவிட்சு உம்ம ரூம்லதான இருக்கு?"

"இருக்கு. நான் தொடல."

"பின்ன, கேமரா தானா கண்ண மூடிக்கிச்சாக்கும்?"

"மாட்டுனவங்ககிட்ட கேளுங்க."

"வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். பொறவு ஸ்டேஷன்ல வந்து சொல்லும்."

மறுநாள் காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். கேமரா மாட்டியது ஹஸீனா என்கிற பெண். தேரடிப் பக்கம் ஒரு பால்கோவா கடைக்கு மாடியில் அவள் கடை. சண்டை போடத்தான் போனேன்.

"ஏம்மா, ஒன் கேமரா எம்மேல பொய் சொல்லுது."

"அதுக்குப் பேச வராதே தாத்தா."

"பேசாமலே என்னைய ஸ்டேஷனுக்கு அனுப்புது."

நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"நீலம் மின்னுது, சிவப்பு இருக்குன்னு எழுதிருக்கீகளே. மூணு தடவையும் சிவப்பு எரிஞ்சுதா?"

"எரியாததயா எழுதுவேன்?"

"அப்ப ஒருத்தரும் சுவிட்ச அணைக்கல. அணைச்சா ரெண்டும்ல அவிஞ்சிருக்கும். யாரோ கேமராவ நெட்டுல இருந்து வெளிய தள்ளிருக்காக."

"பாஸ்வேர்டுதான் சன்னல்ல தொங்குதே."

"இதுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். வைஃபை பொட்டியும் கேமராவும் பேசுறது பூட்டுக்குள்ள. ஆனா 'நீ வெளிய போ'ங்கிற உத்தரவு மட்டும் பூட்டுக்கு வெளிய. எவன் அனுப்பினாலும் பொட்டிதான் அனுப்புச்சுன்னு கேமரா நம்பிரும்."

"கையெழுத்து இல்லாமலா?"

"இல்லாமத்தான்."

"நான் கையெழுத்து இல்லாத சீட்டுக்கு ஒரு சாக்குகூட வெளிய விட்டதில்ல. அந்தப் பொட்டியச் செஞ்சவனுக்கு இது தெரியலயா?"

"ஒவ்வொண்ணாத்தான் தெரிஞ்சுக்கிட்டாக. மொதல்ல வெப்புன்னு ஒரு பூட்டு. சாவிய மாத்தி மாத்திப் போடத் தெரியாம, போட்டதையே திரும்பப் போட்டுச்சு. ஒடச்சிட்டாக. பழைய பொட்டிகளத் தூக்கி எறிய முடியாதேன்னு அதுலயே ஒட்டுப் போட்டது டபிள்யூபிஏ. அடுத்த வருசமே நல்லா யோசிச்சு அந்த டபிள்யூபிஏவுலயே ரெண்டாவது வந்துச்சு. அது ரொம்ப வருசம் நின்னுச்சு. அதுலயும் ஒரு ஓட்டையக் கண்டாக, அடச்சாக. இப்ப மூணாவது. இதுல வெளிய போங்கிற உத்தரவுக்கும் கையெழுத்துக் கட்டாயம்."

"ஒவ்வொரு தடவையும் இதுதான் கெட்டின்னு சொல்லித்தான வித்தீக?"

"ஆமா."

"வெக்கமில்லாம ஆமாங்கிற."

"பொய்யா சொல்லச் சொல்றீக?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. "பின்ன மூணாவத அன்னைக்கே ஏன் மாட்டல?" என்றேன்.

"கேமராவுக்கு மூணாவது தெரியும். பொட்டிக்குத் தெரியாது. வேற பொட்டி வாங்குங்கன்னேன். பழசே ஓடுதேன்னுட்டாரு ஒங்க மானேஜர்."

வெள்ளிக்கிழமை காலையில் ஹஸீனா மில்லுக்கு வந்தாள். மானேஜரை என் ரூமுக்குக் கூட்டி வந்து, என் நாற்காலியிலேயே உட்கார வைத்தேன்.

"சுவிட்சு மேல கைய வைங்க. எடுக்காதீக."

ஹஸீனா கேட்டுக்கு வெளியே நின்று, அந்த உத்தரவை அனுப்புகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அமுக்கினாள். எதிரே நீலம் மின்னியது. சிவப்பு எரிந்தபடியே இருந்தது. மானேஜர் கேமராவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார்.

"ஏம்மா, அத நிறுத்தும்மா" என்றார்.

"இப்ப அணைச்சது யாரு? நானா, நீங்களா?" என்று கேட்டேன். அவர் புதுப் பெட்டி வாங்கச் சொல்லி ஆபீசுக்குப் போன் போட்டார்.

மதியத்துக்குள் புதுப் பெட்டி வந்தது. மாட்டிவிட்டு மறுபடி அமுக்கினாள். நீலம் அசையவில்லை. ஐந்து தடவை அமுக்கச் சொன்னேன். அப்போதும் அசையவில்லை.

நோட்டில் இன்னொன்றும் இருந்தது, மானேஜரிடம் காட்டினேன். மூன்று தடவையும் நீலம் மின்னியபோது குடோன் வாசலில் நின்றது, மில்லின் கழிவுப் பஞ்சை ஏற்றிப் போகும் டிரைவர் சிவபாண்டியின் டெம்போ. பஞ்சு லோடை நான் கம்பியால் குத்திப் பார்த்துத்தான் விடுவேன். அடிவரைக்கும் என் கம்பி எட்டாது. அது என் பிசகுதான்.

திங்கட்கிழமை டெம்போ வந்தது. உள்ளே விட்டுவிட்டு நான் குடோன் பக்கம் நடந்தேன். சிவபாண்டி சட்டைப் பையில் கைவிட்டு எதையோ அமுக்கினான். தலையைத் தூக்கி விளக்கைப் பார்க்கவே இல்லை. மூன்று தடவை பலித்ததல்லவா. நான் பார்த்தேன். நீலம் நிலையாக எரிந்தது. அவன் இரண்டு மூட்டை நூலைத் தூக்கி வண்டியில் போட்டு மேலே பஞ்சைத் தள்ளியதை மானேஜர் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்து கேட்டைப் பூட்டினேன்.

சாயங்காலம் மானேஜர் என்னையும் ஹஸீனாவையும் ஆபீசில் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்காதீரும்" என்றார். பிறகு, "இனி அந்த நோட்டு எதுக்கு? கேமராவே பாத்துக்கிடும்" என்றார்.

நான் ஹஸீனாவைப் பார்த்தேன். "இந்த மூணாவது எம்புட்டு நாளைக்கு?"

"இது வந்த மறு வருசமே ஒரு ஓட்டையக் கண்டாக. அதையும் அடச்சாச்சு. மொதப் பூட்டுக்கு இது எவ்வளவோ தேவல தாத்தா."

"வந்த மறு வருசமேவா?"

"ஒங்ககிட்ட மறைக்க முடியுமா?"

மானேஜர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டீயை முடித்துவிட்டு நோட்டில் எழுதினேன்: மாலை 5.10, நீலம் நிலையாக, இன்றைக்கு. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பியையும் எடுத்துக்கொண்டு கேட்டுக்கு நடந்தேன்.