வியாழக்கிழமையே போட்டாச்சு

ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை முடிந்த கையோடு அதே கோயிலில் கன்னடப் பூசை. ஒரு கூட்டம் வெளியேறுவதற்குள் இன்னொரு கூட்டம் வாசலில் வந்து நிற்கும். அதனால் ஜோகுபாளையத்துத் தமிழ்க்காரர்கள் எதுவானாலும் கடைசி ஆசீர்வாதத்துக்குள் செய்து முடித்துவிடுவார்கள். தன் அப்பா டொமினிக்கின் முப்பதாம் நாள் பூசைக்கு லீனாவும் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தாள்.

லீனா பள்ளிக்கூட டீச்சர். கோயிலில் பாடகர் குழுவின் லேப்டாப் அவள் பொறுப்பு. பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதும் பின்னணி இசையை ஓடவிடுவதும் அவள்தான். அந்த லேப்டாப்பில் பழைய ஒத்திகைகளைத் துழாவியபோது, அப்பா தனியாகப் பாடிய பாட்டு ஒன்று அகப்பட்டது. நற்கருணை முடிந்ததும் அதைப் போடப்போவதாக அம்மா பியாட்ரிஸிடம் சொல்லியிருந்தாள். அடக்கத்துக்குப் பிறகு கோயில் பக்கமே தலைகாட்டாத பியாட்ரிஸ், அந்தக் குரலுக்காகவே வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப்பைக் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தவர் கிளெமென்ட். தொம்மலூரில் ஒரு பெரிய ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே தலைவர். கோயிலில் பல்பு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவார். அந்த மாடலில் சத்தம் திடீரென்று நின்றுபோகும் குறை ஒன்று இருந்தது. அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறது, போட்டுவிடு என்று லீனாவுக்குப் போன் செய்து சொன்னவரும் அவரே. ஃபர்ம்வேர் என்பது விண்டோஸ் வருவதற்கு முன்பே மெஷினை எழுப்பிவிடுகிற அடிப்படை மென்பொருள். அதில் கை வைத்தால் முடிகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். பாதியில் அணைத்தால் மெஷினே போய்விடும்.

அன்றைக்கு வருகைப் பாட்டின் நடுவில் இசை ஒருமுறை விட்டு வந்தது. டொமினிக்கின் பாட்டுக்கும் இப்படி ஆகிவிட்டால்? கிளெமென்ட்டுக்குப் பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பாடகர் குழுவிடம் வந்துவிட்டார். அவர் எண்ணத்தில் தப்பு சொல்ல முடியாது.

"அப்டேட் போடலையாம்மா?"

"வியாழக்கிழமையே போட்டாச்சு அண்ணா. இது வயர் லூசு, அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. போட்டாச்சு போட்டாச்சு என்று கூசாமல் சொல்பவர்களை ஆபீஸில் தினமும் பார்க்கிறவர். போதாக்குறைக்கு இவள் மூன்றாம் வகுப்பு டீச்சர். கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்து, டவுன்லோடு பட்டனைக் காட்டி, ஏறியிருந்தால் இது ஏன் இன்னும் கூப்பிடுகிறது என்று குழுவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். லீனாவின் முகம் சுருங்கிப்போனது.

அந்தப் பட்டன் எல்லோரையும்தான் கூப்பிடும். புது ஃபைல் அங்கே இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். உன் மெஷினில் ஏறிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. முதலில் மெஷினுக்குள் இருக்கிற வெர்ஷன் எண்ணைப் பார், அப்புறம் வாயைத் திற என்று ஆபீஸில் சின்னப் பையன்களை விரட்டுகிற மனிதர் இவர். ஊருக்குத்தான் உபதேசம்.

பிரசங்கம் தொடங்கியது. அது முடியும்வரை திரைக்கு வேலையில்லை, அதற்குள் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டு அப்டேட்டைத் தட்டினார். இதே வெர்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, மேலே போகலாமா என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. லீனா அதைப் படித்துவிட்டாள்.

"அண்ணா, அதுல பாருங்க..."

"ஸ்வல்ப நேரம் சும்மா இரும்மா," என்று சொல்லிக்கொண்டே அவர் ஓகே கொடுத்தார். திரை கறுத்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஃபாதர் அன்றைக்கென்று பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஊர்ந்தது, நின்றது, மெஷின் தானாக அணைந்து எழுந்து மறுபடியும் முதலிலிருந்து ஊர்ந்தது. காணிக்கைப் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் பாடினார்கள், தெரியாதவர்கள் முனகினார்கள். கிளெமென்ட் நற்கருணை வாங்கக்கூடப் போகவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்தபடி செபமாலை சொன்னார்.

நற்கருணை முடிந்தது. ஃபாதர் பாடகர் குழுவைப் பார்த்தார். பியாட்ரிஸ் பெஞ்சில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, பின்சுவரிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தபடி காத்திருந்தார். யாரோ இருமினார்கள். லீனா இல்லை என்று தலையை ஆட்டினாள். கம்ப்யூட்டர் ஏதோ தகராறு செய்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு ஃபாதர் கடைசி ஆசீர்வாதம் கொடுத்தார்.

கன்னடப் பாடகர் குழு வந்து நின்றபோதுதான் விண்டோஸ் வந்தது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைக் கிளெமென்ட் அப்போது பார்த்தார். அப்டேட் வரலாற்றில் அதே வெர்ஷன் எண் இரண்டு தடவை இருந்தது. ஒன்று வியாழக்கிழமை, இன்னொன்று இன்று. அவருக்குக் காதுமடல் வரை சுட்டது. லீனாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பியாட்ரிஸ் வந்து மகளிடம் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"நான்தாம்மா அப்டேட் போடாம விட்டுட்டேன்," என்றாள் லீனா.

பியாட்ரிஸ் கிளெமென்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருந்து பாத்தியேப்பா. கர்த்தர் உன்ன நல்லா வெக்கட்டும்."

பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அந்த எண்ணம் வரத்தான் செய்தது. வந்ததே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

"இல்லம்மா. அவ வியாழக்கிழமையே போட்டுட்டா. நான்தான் நம்பாம மறுபடி போட்டேன்."

பியாட்ரிஸ் கையை விடவில்லை. "போட்டிருக்கான்னு பாக்க ரொம்ப நேரம் ஆகுமா?"

"அரை நிமிஷம்மா."

அப்போதுதான் விட்டார். கிளெமென்ட் அவசர அவசரமாகப் பையைத் துழாவி பென் டிரைவை எடுத்தார். இதில் ஏற்றித் தருகிறேன், வீட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றார்.

"அவரு வீட்ல ஒரு நாளும் பாடினதில்லப்பா," என்றார் பியாட்ரிஸ். "கோயில்லதான் பாடுவாரு."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மகளோடு நடந்தார். உள்ளே வருகிற கூட்டம் அவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டது. "ஸ்வல்ப ஜாக பிடி சார்," என்று கொஞ்சம் இடம் விடச் சொன்னாள் பின்னால் நின்ற கன்னடக் குழுப் பெண், மரியாதையாகத்தான். கிளெமென்ட் குனிந்து லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். அது லூசாகத்தான் இருந்தது.