பால் காய்ச்சாத அரண்மனை

அரியலூரில் வரலாறு வாத்தியாராக இருந்த குருநாதன், செந்துறை ரோட்டில் வாங்கிப் போட்டிருந்த மனையில் இத்தாலி அரண்மனை கட்டினார். சிரிக்க வேண்டாம், ஊர் ஏற்கெனவே சிரித்து ஓய்ந்துவிட்டது.

லைப்ரரிப் புத்தகத்தில் ஃபுளோரன்ஸ் நகரத்து ஸ்ட்ரோஸி அரண்மனையைப் பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்கு அதே பேச்சு. ஐநூறு வருஷத்துக்கு முன்னால் வங்கி நடத்திய ஒரு பணக்காரர் கட்டத் தொடங்கியது. கீழே முரட்டுக் கல், மேலே போகப் போக வழவழப்பு, நடுவில் வானம் பார்த்த முற்றம், உச்சியில் குடை மாதிரி வெளியே நீளும் கார்னிஸ். கொத்தனார் மணிவேல் சிமெண்டிலேயே அவ்வளவையும் கொண்டுவந்துவிட்டார். கார்னிஸ்தான் இழுத்தது. அதைப் பூசுவதும் குருநாதன் இடிக்கச் சொல்வதுமாக மாதங்கள் ஓடின.

மனைவி மலர்கொடிக்கு இதயம் பலவீனம். வாடகை வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் மூச்சு முட்டும். பால் காய்ச்சப் புதுப் பித்தளைப் பானை வாங்கிப் பரணில் வைத்திருந்தாள்.

"என்னங்க, தையிலயே பாலக் காய்ச்சிட்டு உள்ள போயிடுவோங்க. அந்த முத்தத்துல காத்தாடப் படுக்கணும்."

"மொட்டையா நிக்கிற வூட்டுக்கா? பொறு மலரு. அந்த இத்தாலி அரண்மனையைக் கட்டுனவரு அது முடியறதுக்குள்ள செத்துட்டாரு. நாம முழுசாப் பாத்துடுவோம்."

"அவரு பொண்டாட்டி என்ன பண்ணுனா?"

அது புத்தகத்தில் இல்லை. குருநாதன் சிரித்து மழுப்பினார்.

2003இல் கார்னிஸ் முடிந்தபோது மாசியும் முடிந்திருந்தது. பங்குனியில் புதுவீடு புகக்கூடாதென்று சித்திரைக்குத் தள்ளினார்கள். பங்குனி வெயிலில் மலர்கொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். திருச்சிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

வாடகை வீட்டுக்காரர் உடலை அங்கே வைக்கச் சம்மதிக்கவில்லை. புதுவீட்டுக்குக் கொண்டுபோனால், வாசலிலேயே அக்கா கலியம்மாள் மறித்தாள்.

"பால் காய்ச்சாத வூடு தம்பி. பொணத்தை உள்ள வுட்டா அப்பறம் யாரு குடியிருக்கறது?"

"இனிமே யாரு இருக்கப் போறாக்கா?" என்று கதறினார். யாரும் வழிவிடவில்லை. வெளியே பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். கார்னிஸ் நிழல் மட்டும் அவள்மேல் விழுந்தது.

குருநாதன் எழுந்துபோய் வாடகை வீட்டுப் பரணிலிருந்த பானையை எடுத்துவந்தார். டீக்கடையில் பால் வாங்கினார். முற்றத்தில் செங்கல் அடுக்கி, சாரப் பலகைத் துண்டுகளைக் கொளுத்தினார். பால் பொங்கி வழிந்தது.

ஊதி ஊதி ஆற்றி, வெளியே கொண்டுவந்து அவள் உதட்டில் விட்டார்.

"பால் காய்ச்சிட்டேன் மலரு. எந்திரி, உள்ள போவலாம்."