திருப்பி அனுப்பியவள்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்தும் ரெனிட்டாவுக்கு பாடமாக வைத்திருக்கும் பழைய நாவல் மனப்பாடம். குடித்துவிட்டு அடிக்கும் கணவன். அடி தாங்காமல் பிறந்த வீட்டுக்கு ஓடிவரும் பெண். அவளுக்குத் தலை சீவி, பூ வைத்து, மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடும் தாய். வருஷாவருஷம் கணவனின் கொடுமையைப் பற்றித்தான் ரெனிட்டா பேசுவாள்.

அன்றைக்கு மம்சாபுரத்து மாணவி யுவராணி எழுந்தாள்.

"மேடம், அடிச்சவனவிட அந்த அம்மா மேலதான் எனக்குக் கோவம் வருது. அடிப்பான்னு தெரிஞ்சேதான கொண்டுபோய் விடுதா?"

"அந்தக் காலம் அப்படி" என்று ரெனிட்டா புத்தகத்தை மூடினாள்.

கொஞ்ச நாள் முன்பு, ஈஸ்டர் முடிந்த வாரம்தான், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை ஆஷிகா கைக்குழந்தையோடு வந்து நின்றிருந்தாள். தோளில் கன்றிப்போயிருந்தது. "கதவுல இடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டு, ஆமாம் என்று சொல்லவைத்தவள் ரெனிட்டாதான். அப்பா அம்மா போன பிறகு அவள்தான் ஆஷிகாவுக்குத் தாய். சபையில் நாலு பேர் பேசுவார்களே என்ற பயம். "ரிச்சர்டு கோவக்காரரு, மத்தபடி தங்கம். நீ எதுத்துப் பேசாத" என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டிருந்தாள்.

யுவராணி கேட்ட அன்றே மதியம் லீவு சொல்லிவிட்டு ரெனிட்டா ராஜபாளையத்துக்குப் போனாள். ஆஷிகா கதவைப் பாதிதான் திறந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"கெளம்பு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

உள்ளேயிருந்து ரிச்சர்டு வந்தான். "வாங்க மதினி, காப்பி குடிங்க. ஏதோ கோவம், அம்புட்டுதான். போன தடவ நீங்களே புத்தி சொல்லி அனுப்புனீங்கள்லா?"

"ஆமா, நான்தான் அனுப்புனேன்" என்றவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கினாள். ஆஷிகா ஒரு பையோடு பின்னால் வந்தாள்.

பஸ்ஸில், "மன்னிச்சிருட்டி" என்றாள் ரெனிட்டா.

ஆஷிகா வெளியே பார்த்தபடி சொன்னாள்: "அன்னைக்கு நீ அவருக்குப் போன் போட்டு, சொல்லித் திருத்தி அனுப்பிட்டேன்னியே. வீட்டுக் கதைய வெளிய சொன்னியான்னு, செருப்பக்கூட கழத்த விடல, அடிச்சாரு."



மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில், "முன்னாடியே வீட்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். ஆஷிகா குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம். எம்பேரையும் எழுதிக்கோங்க" என்றாள் ரெனிட்டா.